செக்ரோல் யார் கையில்? பாசிச இத்தாலிக் கேள்விக்கு விடை எழுதும் முறை

இலங்கை மலையகத்து ஹட்டனில் சனிக்கிழமை வகுப்பு முடிந்து படியிறங்கும்போது யாராவது ஒரு பிள்ளை பின்னாலேயே வந்து கேட்கும்: "டீச்சர், அந்த முசோலினி பாடம் மட்டும் மண்டையில நிக்குதில்ல, என்ன செய்யிறது?" பாதிப் படிக்கட்டில் குடையை விரித்துக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லிப் பதினாறு வருடம் ஓடிவிட்டது. இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் உள்ளே இருப்பது இதுதான்: முசோலினி தலைமையில் இத்தாலியை ஆண்ட பாசிச ஆட்சி மக்களின் வாழ்க்கையையும் பொருளாதாரத்தையும் எப்படித் தன் பிடிக்குள் வைத்திருந்தது?

நான் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் தடவை இதே கேள்விதான் வந்தது. 1922 ஒக்டோபரில் முசோலினியை ஆட்சிக்குக் கொண்டுவந்த ரோம் அணிவகுப்பில் தொடங்கி, தெரிந்ததையெல்லாம் ஆண்டு வரிசையில் கொட்டினேன். மேலதிகத் தாள் வேறு வாங்கினேன். பெறுபேறு வந்தபோது வரலாற்றுக்கு 'எஸ்', அதாவது வெறும் சாதாரணச் சித்தி. ஆண்டுகள் ஒன்றும் பிழையில்லை. கேட்டது "எப்படி", நான் எழுதியது "எப்போது". இரண்டாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு சம்பள நாளில், அம்மா என் முன்னால் சம்பளத் துண்டை நீட்டி, "இந்தா, எத்தனை பேர் விழுந்திருக்குன்னு பாரு" என்றார். அந்தத் துண்டுதான் எனக்கு வழி காட்டியது.

தேயிலைத் தோட்டத்தில் வளராத வாசகருக்கு ஒரு வார்த்தை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போனால் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பெயரைப் பதிவார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதற்குத்தான் கூலி. பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன கிலோ இல்லையென்றால் முழுப் பேர் அரைப் பேராகிவிடும். அம்மாவை யாரும் அடித்ததில்லை, யாரும் கத்தியைக் காட்டியதும் இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் வேறொருவர் கையில் இருந்தது, அந்த ஒன்றே போதுமாக இருந்தது. பாசிச இத்தாலியைப் படிக்க உட்காரும்போது ஒவ்வொரு இடத்திலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே செக்ரோல் யார் கையில்?

ஒரு எச்சரிக்கையும் இப்போதே. தோட்டமும் பாசிசமும் ஒன்று என்று விடைத்தாளில் எழுதிவைத்துவிடாதீர்கள். நம் ஆட்களுக்குப் பல சங்கங்கள் இருந்தன, வேலைநிறுத்தம் செய்தார்கள், ஒரு தலைவர் பிடிக்கவில்லையென்றால் இன்னொரு சங்கத்துக்குச் சந்தாவை மாற்றிக்கொண்டார்கள். இத்தாலியில் இல்லாமல் போனது சரியாக இதுதான். ஒப்பீடு உங்கள் ஞாபகத்துக்கு மட்டும். திருத்துகிறவருக்கு இத்தாலிதான் வேண்டும்.

முசோலினியை விட்டு, ஒரு கூலியாளோடு தொடங்குங்கள்

வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் நாட்கூலிக்குப் போகும் ஆள் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களை 'பிராச்சாந்தி' என்பார்கள். 'பிராச்சோ' என்றால் கை. கையைத் தவிர வேறு சொத்தில்லாதவர். அவருக்கு ஒரு மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன், டூரினில் தொழிற்சாலை வேலைக்குப் போன ஒரு தம்பி. இந்த நாலு பேரை வைத்துக்கொண்டால் பாடம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம்.

தடியை முதலில் வையுங்கள், ஆனால் சுருக்கமாக. 1920இலிருந்து 1922 வரை பாசிசக் கருஞ்சட்டைக் கும்பல்கள் இந்தச் சமவெளியில்தான் தொழிலாளர் மன்றங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் கொளுத்தின. சங்கக்காரர்களைப் பிடித்துத் தடியால் அடித்து, வாயில் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். பள்ளி விடுமுறை விட்டதும் பாட்டி ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு வாசலிலேயே காவல் நிற்பது எல்லாருக்கும் தெரியுமே! சிரித்து முடியும்வரை காத்திருந்து நான் சொல்வேன்: ஒரு கரண்டி இல்லை, நிறைய. ஊர் நடுவில், பிள்ளைகள் பார்க்க. அடி ஆறிவிடும். அந்த அவமானத்தோடு ஒருவர் மறுநாள் அதே தெருவில் எப்படி நடப்பார்?

அதன்பிறகு தடி சட்டப் புத்தகத்துக்குள் போய்விட்டது. 1924 ஜூனில் சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர் மத்தேயோத்தி பாசிசக் கும்பலால் கடத்திக் கொல்லப்பட்டார். 1925 ஜனவரி 3ஆம் திகதி முசோலினி நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்ததற்கெல்லாம் தானே பொறுப்பு என்று துணிந்து சொன்னார். அவரை யாரும் அசைக்கவில்லை. 1926இல் மற்றக் கட்சிகள் தடை செய்யப்பட்டன, விசேட நீதிமன்றம் வந்தது, தேர்தலில் வந்த நகரத் தலைவர்களுக்குப் பதிலாக 'பொதெஸ்தா' என்ற நியமன அதிகாரிகள் வந்தார்கள். ஆகாதவர்களை லிப்பாரி, உஸ்திகா, பொன்சா போன்ற தீவுகளுக்கு அனுப்பினார்கள். இவ்வளவையும் பத்து வரியில் முடித்துவிடுங்கள். பாதிப் பிள்ளைகள் இங்கேயே இரண்டு பக்கம் எழுதிவிட்டு, மிச்சத்துக்கு நேரமில்லாமல் தவிக்கிறார்கள்.

வேலை: இங்கே நின்று நிதானமாக எழுதுங்கள்

1925 ஒக்டோபரில் விதோனி மாளிகை உடன்படிக்கை. தொழிலதிபர் சம்மேளனமான கொன்பிந்துஸ்திரியாவும் பாசிசச் சங்கங்களும், இனி உன்னைத் தவிர வேறு யாரோடும் பேசமாட்டேன் என்று ஒன்றுக்கொன்று ஒத்துக்கொண்டன. 1926 ஏப்ரல் 3ஆம் திகதிச் சட்டம் அதை நாட்டுச் சட்டமாக்கியது. வேலைநிறுத்தமும் குற்றம், முதலாளி ஆலையைப் பூட்டுவதும் குற்றம். ஒரு தொழிலுக்கு அரசு ஏற்ற ஒரே சங்கம். அந்தத் தொழிலில் பத்து வீதம் பேர் அதில் இருந்தால் போதும், அது எல்லாருக்காகவும் ஒப்பந்தம் போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் இதற்கு அடுத்தது. அந்தச் சங்கத்தில் சேராதவரும் அதற்குச் சந்தா கட்டவேண்டும். நம் பக்கத்தில் சந்தா செக்ரோல் வழியாகத்தான் கழிகிறது, ஆனால் படிவத்தில் கையெழுத்து வைத்தது நாம். அங்கே கையெழுத்தும் தேவையில்லை. "அப்ப சங்கத் தலைவரை யாரு டீச்சர் தெரிவு செஞ்சது?" என்று ஒரு பையன் கேட்டான். சரியான கேள்வி. மேலிருந்து நியமித்தார்கள். தொழிலாளிக்காகப் பேசியவர் தொழிலாளி அனுப்பிய ஆள் இல்லை. அதற்குள்ளும் கொஞ்சம் பலம் சேர்ந்துவிடக் கூடாது என்று, ரொஸ்ஸோனி என்பவர் தலைமையில் இருந்த பெரிய பாசிசத் தொழிற்சங்கச் சம்மேளனத்தை 1928இல் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். முதலாளிகளின் சம்மேளனம் அப்படியே இருந்தது. இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே விடை அரை அடி உயர்ந்துவிடும்.

'கூட்டுத்தாபன அரசு' என்ற சொல்லில் நம் பிள்ளைகள் வருடா வருடம் வழுக்குகிறார்கள். நமக்குக் கூட்டுத்தாபனம் என்றால் பெற்றோல், மரம், போக்குவரத்து என்று அரசு நடத்தும் நிறுவனம். இத்தாலியில் அந்தச் சொல் குறித்தது வேறு. ஒரு தொழில் துறையின் முதலாளி, தொழிலாளி, அரசு, கட்சி எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அமைப்பு. 1926இல் அதற்கு ஒரு அமைச்சு, 1927 ஏப்ரல் 21இல் தொழிற் சாசனம், 1930இல் கூட்டுத்தாபனங்களின் தேசியப் பேரவை, 1934இல்தான் 22 கூட்டுத்தாபனங்கள். தேதிகளைப் பாருங்கள்: வேலைநிறுத்த உரிமை 1926இலேயே போய்விட்டது, பதிலுக்குத் தருவதாகச் சொன்ன மேசை வர எட்டு வருடம் ஆனது. வந்தபிறகும் பெரிய முடிவுகள் அங்கே எடுக்கப்படவில்லை. என் கணக்கில் அது முக்கால் பங்கு கண்காட்சி. அப்படியே எழுதாமல், "நடைமுறையில் முதலாளிகளின் செல்வாக்கே மேலோங்கியது" என்று நாகரிகமாக எழுதுங்கள்.

இப்போது நம் கூலியாளுக்கு வாருங்கள். 1935இல் 'லிப்ரெத்தோ தி லவோரோ' என்ற வேலைப் புத்தகம் வந்தது. அதில்லாமல் வேலை கிடையாது. வேலையில் இருக்கும் காலம் அது முதலாளியிடம் இருக்கும். எங்கள் கொள்ளுப்பாட்டி காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று எழுதிய காகிதம். அதில்லாமல் அடுத்த தோட்டத்துக்கு நகரமுடியாது. 1921இல் இங்கே அது ஒழிக்கப்பட்டது. இத்தாலியில் கடன் கணக்கு இல்லைதான், ஆனால் ஆளின் காகிதம் வேறொருவர் பெட்டியில் கிடப்பது ஒன்றே. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்வதையும் 1928இலிருந்து கட்டுப்படுத்தத் தொடங்கி, 1939இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். டூரினுக்குப் போன தம்பி காலத்தோடு போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கட்சி அட்டை. 1930களில் அரச வேலைக்குப் போக அது இல்லாமல் முடியாது என்றானது. கட்சிப் பெயரின் முதலெழுத்துகள் பி, என்னே, எஃபே (P, N, F). 'குடும்பத் தேவைக்காக' என்ற இத்தாலியச் சொற்களுக்கும் அதே முதலெழுத்துகள். ஆகவே கட்சி அட்டை எடுத்ததைக் குடும்பத் தேவைக்காக எடுத்தது என்று கேலி பேசிக்கொண்டார்கள். பயமும் சோறும் எப்படி ஒட்டிக்கிடந்தன என்பதற்கு இந்தக் கேலியை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பொருளாதாரம்: யார் மடியில் போய் விழுந்தது என்று பாருங்கள்

பாடப் புத்தகம் இங்கே 'போர்'களாக அடுக்கும். லீராப் போர் (லீரா அந்நாட்டு நாணயம்), கோதுமைப் போர், பிறப்புப் போர். பெயரை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றிலும் அறிவித்தது என்ன, கிடைத்தது யாருக்கு, கட்டியது யார் என்று பாருங்கள்.

லீரா: 1926 ஓகஸ்டில் பெசாரோவில் முசோலினி சூளுரைத்தார். ஒரு பிரிட்டிஷ் பவுணுக்கு 150 லீரா அளவில் விழுந்துகிடந்ததை 90க்குக் கொண்டுவருவேன் என்றார். 1927 டிசம்பரில் 92.46இல் நிறுத்தினார்கள். கௌரவம் வந்தது. ஆனால் இத்தாலிப் பொருள் வெளிநாட்டில் விலை கூடியது, ஏற்றுமதி அடிபட்டது. அந்த இடிக்குக் கூலியைத்தான் வெட்டினார்கள்: 1927இல் பத்து வீதமும் அதற்கு மேலும், 1930இலும் 1934இலும் மறுபடியும். வேலைநிறுத்தம் 1926இலேயே குற்றமாகிவிட்டது என்பதை இங்கே ஒரு வரியில் இணைத்துவிடுங்கள். சமூகக் கட்டுப்பாடும் பொருளாதாரக் கட்டுப்பாடும் இரண்டு தலைப்பு இல்லை, ஒரே கயிறு என்று திருத்துகிறவருக்கு அப்போது தெரியும்.

கோதுமை: 1925இல் தொடங்கினார்கள். முசோலினி சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரடிக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். விளைச்சல் உண்மையிலேயே கூடியது. 1920களின் தொடக்கத்தில் வருடத்துக்கு 55 இலட்சம் தொன் அளவில் இருந்தது 1930களில் 70 இலட்சத்தைத் தாண்டியது, இறக்குமதி வெகுவாகக் குறைந்தது. இதை மறைக்காமல் எழுதுங்கள். பிறகு மறுபக்கம்: இறக்குமதித் தீர்வையால் பாண் விலை இறங்கவில்லை, தெற்கிலிருந்த பெரிய நிலக்காரர்கள் பழைய முறையிலேயே விதைத்துப் பணம் பார்த்தார்கள், ஒலிவும் தோடையும் கால்நடையும் இருந்த நிலம் கோதுமைக்குப் போனது. மேட்டு நிலத்துக்கு எந்தப் பயிர் ஏற்றது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொந்தீன் சதுப்பு நிலத்தை வடித்து 1932இல் லித்தோரியா, 1934இல் சபௌதியா என்று புது ஊர்கள் கட்டினார்கள். மலேரியா குறைந்தது. இதுவும் உண்மைச் சாதனைதான், இரண்டு வரி போதும்.

1929 நெருக்கடிக்குப் பிறகு பெரிய வங்கிகள் தள்ளாடியபோது 1933இல் 'ஈரி' என்ற நிறுவனத்தை அமைத்து, வங்கிகள் கையிலிருந்த தொழிற்சாலைப் பங்குகளை அரசு எடுத்துக்கொண்டது. நமக்குப் பழக்கமான கூட்டுத்தாபனத்துக்குக் கிட்ட வருவது உண்மையில் இதுதான். பெயரில் கூட்டுத்தாபனம் இருந்த இடத்தில் அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்த இடத்தில் அந்தப் பெயர் இல்லை!

அப்புறம் எங்கள் தேயிலைக்கு வருகிறேன். 1935இல் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் படையோடு போனது, ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் நவம்பரில் பொருளாதாரத் தடை போட்டது. பதிலுக்கு ஆட்சி தற்சார்பு என்று முழங்கியது. பால் புரதத்திலிருந்து 'லானித்தால்' என்ற செயற்கைக் கம்பளி நெய்தார்கள். தேநீர் என்றால் பிரிட்டிஷ்காரன் குடிப்பது, அதைக் குடிப்பது தேசத்துக்கு ஆகாது. அதற்குப் பதிலாக இத்தாலியின் குடியேற்றமான எரித்திரியாவிலிருந்து வந்த 'கர்க்கதே'யைக் குடிக்கச் சொன்னார்கள். செம்பருத்திக் குடும்பத்துச் செடி, சிவப்பு நிறம், புளிப்பு. ஒரு முறை வகுப்பில் நாங்களும் காய்ந்த செம்பருத்தியை வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடிக்கிறதுக்குச் சும்மா இருக்கலாம் டீச்சர்" என்றாள். நம் கூலியாளின் மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று அதற்கப்புறம் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

அதே வருடம் டிசம்பர் 18ஆம் திகதி. பெண்களிடம் கல்யாண மோதிரத்தைத் தேசத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ரோமில் அரசி எலேனா முதலில் கொடுத்தார். கொடுத்தவர்களுக்கு இரும்பு வளையம் ஒன்று கிடைத்தது. பொன் மோதிரம் இன்னும் விரலில் மினுங்கினால் ஊர் பார்க்கும். இதை விளங்கிக்கொள்ள, அடகுக் கடை வாசலில் தாலிக்கொடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கும் அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அது வறுமை. இது வரிசையில் நின்று, எல்லாரும் பார்க்க, மனமுவந்து கொடுத்ததாகக் காட்டவேண்டியது. அந்த வளையமே ஒரு செக்ரோல்.

பிள்ளை, மனைவி, ஞாயிற்றுக்கிழமை

பையனுக்கு 1926இல் 'பலில்லா' இயக்கம். எட்டு வயதிலிருந்து பதினாலு வரை கருஞ்சட்டை, அணிநடை, மரத் துப்பாக்கி. பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு. 1937இல் எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக்கினார்கள். தொடக்கப் பள்ளிக்கு அரசின் ஒரே பாடநூல். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசச் சத்தியம் செய்யவேண்டும் என்றபோது, சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டசின் அளவு. இந்த எண்ணை எழுதும்போதெல்லாம் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பேன். வீட்டுக் கடன், தம்பியின் படிப்பு. பதில் சொல்லத் தைரியம் வருவதில்லை.

கூலியாளுக்கும் தம்பிக்கும் 1925இல் 'தொப்பொலவோரோ', அதாவது வேலைக்குப் பிறகு. மதுக்கடை, விளையாட்டு, வானொலி, மலிவுச் சுற்றுலா. 1939இல் சுமார் 38 இலட்சம் உறுப்பினர்கள். இதை வெறும் ஏமாற்று என்று எழுதாதீர்கள். மக்கள் விரும்பிப் போனார்கள், கடற்கரையை முதல்முதலாகப் பார்த்தவர்கள் உண்டு. கூலி வெட்டப்பட்ட அதே வருடங்களில் சுற்றுலா கிடைத்தது என்பதை மட்டும் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

மனைவிக்குப் பிறப்புப் போர். 1927இல் முசோலினி நாலு கோடி மக்களை ஆறு கோடியாக்கவேண்டும் என்றார். கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு வரி, நிறையப் பெற்ற தாய்மாருக்குப் பரிசு, 1938இல் அலுவலகங்களில் பெண்கள் பத்து வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம். பிறப்பு வீதம் குறைந்துகொண்டேதான் போனது. பிள்ளை பெறும் செக்ரோல் மட்டும் யார் கைக்கும் போகவில்லை. அதே 1938தான் யூதர்களைப் பள்ளியிலிருந்தும் அரச வேலையிலிருந்தும் வெளியேற்றிய இனச் சட்டங்களின் வருடம். இதை விட்டுவிட்டு எந்த விடையும் முழுமையாகாது.

ஒரு சின்ன விஷயம், மறக்காமல் எழுதினால் விடை பளிச்சென்று இருக்கும். இத்தாலிய மொழியில் மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கு 'லேய்' என்பார்கள். 1938இல் ஆட்சி அதை அடிமைத்தனம், அந்நியப் பழக்கம் என்று தள்ளி, 'வோய்' என்று சொல்லவைத்தது. 'லேய்' என்றால் 'அவள்' என்றும் பொருள். அந்தப் பெயரில் நடந்த ஒரு பெண்கள் பத்திரிகை, மரியாதைச் சொல்லோடு சம்பந்தமே இல்லாவிட்டாலும், 'அன்னபெல்லா' என்று பெயரை மாற்றிக்கொண்டது. வகுப்பில் இதைச் சொன்னபோது பின் வரிசையிலிருந்து, "துரை எங்க தாத்தாவை நீ-ன்னு சொன்னதுக்கு மட்டும் சட்டம் வரல்லயே" என்று ஒரு குரல். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, கரும்பலகையைத் துடைத்தேன்.

பிடி தளர்ந்த இடங்களை விடாதீர்கள்

"எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே ஒன்றுமில்லை, அரசுக்கு எதிராக எதுவுமில்லை" என்று முசோலினி 1925இல் சொன்னதை முன்னுரையில் வைத்து, இந்த இடத்தில் சோதித்துப் பாருங்கள். திருச்சபை அரசுக்கு வெளியே இருந்தது. 1929 பெப்ரவரி லாத்தரன் உடன்படிக்கையில் வத்திக்கானுக்குத் தனி நாடே கிடைத்தது. 1931இல் கத்தோலிக்க இளைஞர் அமைப்புகளை மூட முனைந்தும் கடைசியில் சமரசத்துக்கு வந்தார்கள். அரசர் இருந்தார். 1943 மார்ச்சில் டூரின் தொழிற்சாலைகளில் தடையை மீறி வேலையை நிறுத்தினார்கள், நம் தம்பியும் அதில் இருந்திருக்கலாம். ஜூலை 25ஆம் திகதி அரசர் முசோலினியை அழைத்துப் பதவியிலிருந்து நீக்கி, கைது செய்யவும் வைத்தார்.

ரயில்களை நேரத்துக்கு ஓடவைத்தார் என்ற வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். ரயிலுக்குக் காத்திருந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போகிறது, புரிகிறது. முக்கியப் பாதைகள் சில சீரானது உண்மை, அதில் ஒரு பங்கு முந்தைய அரசுகள் செய்த வேலை. எப்படியும் இந்தக் கேள்விக்கு அதனால் ஒரு புள்ளியும் வராது.

பயிற்சிக்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்: 1935 டிசம்பரில் ஒரு நாள், அந்தக் கூலியாளின் வீடு, காலையிலிருந்து படுக்கும்வரை. வேலைப் புத்தகம், கூலி, கர்க்கதே, மோதிரம், பையனின் கருஞ்சட்டை ஐந்தும் அதில் வரவேண்டும். ஐந்துக்கும் ஆண்டு போட்டிருக்கவேண்டும். அதை எழுதிய பிறகு புத்தகத்தைத் திறக்காமல் முழு விடையையும் எழுதுங்கள், 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகத் தாள் வாங்கவேண்டாம்.